முதலில் தனி சிம், அப்புறம்தான் கடைப் பெயர்

வீட்டில் இருந்தபடியே இட்லிப் பொடியோ ஊறுகாயோ வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கத் தொடங்குகிறவர்கள் கடைப் பெயர், லோகோ, பேக்கிங் கவர் என்ற வரிசையில்தான் யோசிக்கிறார்கள். போன் நம்பரைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. கையில் இருக்கிற நம்பரையே பயோவில் போட்டுவிடுகிறார்கள். பேங்க் ஓடிபி வருவது அந்த நம்பரில். ஆதாரில் இணைத்திருப்பது அதை. பிள்ளையின் பள்ளிக்கூடக் குழுவில் இருப்பதும், ஜிமெயில் பாஸ்வேர்டு மறந்தால் மீட்டுத் தருவதும் அதே நம்பர். அது லேபிளில் அச்சாகி, நானூறு ஐந்நூறு பேர் போனில் சேவ் ஆன பிறகு பிரிக்க முயன்றால் பாதி வாடிக்கையாளர்களைத் தொலைக்க வேண்டியிருக்கும். தொடக்கத்திலேயே பிரித்துவிட்டால் ஆகிற செலவு ஒரு சிம், அதற்கு ஒரு சின்ன ரீசார்ஜ்.

எது எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய நம்பர் வீட்டுக்கு: பேங்க், ஆதார், பான், எல்லா அக்கவுண்டுகளுக்கும் மீட்பு எண். புது நம்பர் கடைக்கு: வாட்ஸ்அப் பிசினஸ், லேபிள், கூரியர், பயோ. இதில் பலரும் தடுமாறும் இடம் கடைக்கென்று திறக்கும் பேங்க் கணக்கு. கடைக் கணக்குதானே என்று கடை நம்பரையே கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள். ஊருக்கே தெரிந்த நம்பரில் ஓடிபி வரக் கூடாது. இத்தனை ஏற்பாடும் அதற்காகத்தான்.

சிம்மை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். தெரிந்தவர் பெயரில் உள்ள சிம்மில் தொழிலைத் தொடங்கினால், அது தொலைந்த நாளில் டூப்ளிகேட் எடுக்க அவர்தான் வர வேண்டும். அவரோடு மனஸ்தாபம் வந்தால் கடையும் போனதுதான். செயலிகளில் இலவசமாகக் கிடைக்கும் வெளிநாட்டு நம்பர்களில் வாட்ஸ்அப் திறப்பதும் அப்படியே. நம்பர் வேறு யாருக்காவது போனால் அக்கவுண்டும் அவரோடு போகும். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே துண்டிக்கச் சொல்லலாம்.

புது சிம் என்று கடையில் கொடுப்பது பல நேரம் யாரோ விட்டுப்போன நம்பர். ஒரு நம்பர் செயலிழந்தால் குறைந்தது 90 நாள் கழித்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் லேபிள் அச்சடிப்பதற்கு முன் ஒரு வாரமாவது நம்பரைச் சும்மா ஓடவிட்டுப் பாருங்கள். கடன் வசூல் அழைப்புகள் வருகின்றனவா, ட்ரூகாலரில் யார் பெயர் காட்டுகிறது என்று பார்த்து, வில்லங்கமான நம்பராக இருந்தால் அப்போதே மாற்றிவிடலாம். இரண்டு சிம் போடும் போனில் இரண்டாவது சிம்மை ரீசார்ஜ் செய்ய மறப்பது சகஜம். அப்படி மறந்தால் நீங்களும் அந்த 90 நாள் வரிசையில் சேர்ந்துவிடுவீர்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் தனிச் செயலி. சாதாரண வாட்ஸ்அப்போடு ஒரே போனில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். நிறுவியதும் முதல் வேலை, பொருள்களின் படமும் விலையும் காட்டும் கேட்லாக் ஏற்றுவதற்கும் முன்னால், அமைப்புகளில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய் இருபடிச் சரிபார்ப்பை இயக்குவது. 6 இலக்க பின் கேட்கும். பிறந்த ஆண்டையோ 123456-ஐயோ வைக்காதீர்கள். அதோடு மின்னஞ்சலும் கேட்கும். பலர் 'தவிர்' என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பின் மறந்துபோய், மின்னஞ்சலும் கொடுக்காமல் இருந்தால் 7 நாள் காத்திருந்துதான் மீட்க முடியும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் 7 நாள் கடை மூடினால் என்ன ஆகும் என்று பலகாரம் விற்பவர்களைக் கேட்டால் தெரியும்.

கணக்கைத் திருடுகிறவர்கள் தொழில்நுட்ப வித்தை எதுவும் காட்டுவதில்லை. பேசியே வாங்கிவிடுகிறார்கள். "கூரியர் பாய் பேசுறேன், உங்க பார்சல் நிக்குது, இந்த நம்பருக்கு டயல் பண்ணுங்க" என்று *401* அல்லது 21* என்று தொடங்கும் ஒன்றைச் சொல்வார்கள். பின்னால் வருவது அவர்களுடைய மொபைல் எண். டயல் செய்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குத் திரும்பும். உங்கள் நம்பரில் வாட்ஸ்அப் திறக்கத் தேவையான குறியீட்டை 'அழைப்பு மூலம்' கேட்டு வாங்கிக்கொள்வார்கள். 2024 ஏப்ரல் 15 முதல் இந்த முறையில் அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. இருந்தாலும் சந்தேகம் வந்தால் ##002# டயல் செய்யுங்கள், எல்லாத் திருப்பங்களும் ரத்தாகும். தினமும் பத்து பார்சல் அனுப்புகிறவர் கூரியர் என்றாலே நம்பிவிடுவார். அதனால்தான் அந்த வேஷம்.

வாடிக்கையாளர்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காதீர்கள். குழுவில் எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரும் தெரியும். இருநூறு பெண்களின் நம்பரை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும். போட்டிக் கடைக்காரர் வாடிக்கையாளர் போலச் சேர்ந்து அத்தனை நம்பரையும் எடுத்துக்கொண்டு போவதும் நடக்கிறது. அதற்குப் பதில், ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரை சேவ் செய்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போகும். முதல் ஆர்டர் பார்சலிலேயே "இந்த நம்பரை சேவ் செய்துகொள்ளுங்கள்" என்று ஒரு சீட்டு வைப்பது அதற்காகத்தான். புதுச் சரக்கு அறிவிப்புக்கு மட்டும் என்றால் வாட்ஸ்அப் சேனல் போதும். அதில் யார் நம்பரும் யாருக்கும் தெரியாது.

மின்னஞ்சலும் இன்ஸ்டாவும்

கடைக்கென்று ஒரு புது ஜிமெயில். அதன் பாஸ்வேர்டு வேறு எங்கும் பயன்படுத்தாதது. இருபடிச் சரிபார்ப்பை, நுழைவுக் குறியீடு காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலியில் வைத்து, கூகுள் தரும் 10 காப்புக் குறியீடுகளையும் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு முறைதான் வேலை செய்யும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் வைத்தால் போன் தொலையும்போது அதுவும் சேர்ந்து தொலையும். மீட்பு எண் வீட்டு நம்பர், மீட்பு மின்னஞ்சல் உங்கள் சொந்த ஜிமெயில். இன்ஸ்டா, விளம்பரக் கணக்கு, டொமைன் (வெப்சைட் முகவரி), கூரியர் எல்லாம் இந்தக் கடை ஜிமெயிலில்தான் தொங்கப் போகின்றன. அதனால் எதை அசட்டையாக விட்டாலும் இதை விடாதீர்கள்.

இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்காக மாற்றும்போது தொடர்பு விவரம் காட்டட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் சரி என்று தட்டினால், கணக்கு திறக்கக் கொடுத்த நம்பரும் மின்னஞ்சலும் புரொஃபைலில் பொத்தானாக வந்து உட்காரும். ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் புரொஃபைலைத் திருத்தும் பக்கத்தில் தொடர்பு விவரத்தை மறைக்கும் பொத்தான் இருக்கிறது. போனில் உள்ள தொடர்புகளை ஏற்ற அனுமதி கேட்டாலும் மறுத்துவிடுங்கள். ஏற்றினால் உங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கடைக் கணக்கு பரிந்துரையாகப் போகலாம். சிலருக்கு அதுவே விளம்பரம். வேலை பார்க்கும் இடத்துக்குத் தெரியாமல் சைடில் தொழில் செய்கிறவர்களுக்கு அது வேறு கதை.

ஃபாலோயர்கள் கொஞ்சம் கூடியதும் "காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்" என்று ஒரு மெசேஜ் வரும். புரொஃபைல் படத்தில் இன்ஸ்டாவை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் சின்னம், கீழே ஒரு இணைப்பு. தட்டிப் பாஸ்வேர்டு கொடுத்தால் கணக்கு கைமாறிவிடும். இன்ஸ்டாகிராம் இப்படி டிஎம்மில் எச்சரிக்கை அனுப்பாது. மின்னஞ்சலில் வந்தால், உண்மையா என்று செயலிக்குள்ளேயே பார்க்கலாம்: அக்கவுண்ட்ஸ் சென்டர், அதில் பாஸ்வேர்டும் பாதுகாப்பும், அதில் சமீபத்திய மின்னஞ்சல்கள். பாதுகாப்பு சம்பந்தமாகக் கடந்த 14 நாளில் அவர்கள் அனுப்பியவை அங்கே இருக்கும். அங்கே இல்லாதது போலி.

ரீல்ஸ் போட்டுத் தரும் தம்பிக்கும் விளம்பரம் ஓட்டித் தரும் ஏஜென்சிக்கும் பாஸ்வேர்டு கொடுக்கிற வழக்கம்தான் இருப்பதிலேயே ஆபத்தானது. மெட்டா பிசினஸ் சூட்டில் உங்கள் பெயரில் போர்ட்ஃபோலியோ ஒன்று உருவாக்கி, பக்கத்தையும் விளம்பரக் கணக்கையும் அதில் சேர்த்து, அவர்களுக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுங்கள். முழுக் கட்டுப்பாடு உங்களிடமும் வீட்டில் இன்னொருவரிடமும் மட்டும். வேலை முடிந்ததும் ஒரே தட்டில் நீக்கிவிடலாம். டொமைனுக்கும் அதேதான். வெப்சைட் செய்து தருகிறவர் தன் கணக்கிலேயே டொமைனை வாங்கிவிட்டால், சட்டப்படி அது அவர் பெயரில் பதிவானது. நீங்களே கணக்கு திறந்து, நீங்களே பணம் கட்டி, செட்டிங் மாற்றும்போது மட்டும் அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பணம் வாங்கும் வழி

யுபிஐ ஐடியைப் பாருங்கள். சில செயலிகள் உங்கள் மொபைல் எண்ணையே ஐடியாக வைத்துவிடுகின்றன. சில ஜிமெயில் முகவரியின் முன்பாதியை எடுத்துக்கொள்கின்றன. அந்த ஐடியை வாடிக்கையாளருக்கு அனுப்பினால் வீட்டு நம்பரும் போய்விட்டது. இவ்வளவு நேரம் பிரித்ததற்கு அர்த்தமில்லை. கியூஆர் படமாக அனுப்பினாலும் அதற்குள் இருப்பது அதே ஐடிதான். செயலியின் அமைப்புகளில் புது ஐடி உருவாக்கும் வசதி இருக்கும். எண் இல்லாமல் கடைப் பெயரில் ஒன்று உருவாக்கி அதை மட்டும் வெளியே கொடுங்கள். அதைவிட, பிசினஸ் செயலி ஒன்றில் வியாபாரிக்கான கியூஆர் வாங்குவது மேல்.

பெயர் விஷயம் வேறு. சேமிப்புக் கணக்கை இணைத்திருந்தால், பணம் அனுப்புகிறவருக்குப் பேங்கில் பதிவான உங்கள் பெயர்தான் தெரியும். பயனாளியின் பேங்க் பெயரைக் காட்ட வேண்டும் என்று 2025-ல் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ கண்டிப்பாக்கிவிட்டது. மோசடியைத் தடுக்க அது நல்லதே. கடைப் பெயர் தெரிய வேண்டும் என்றால் கடைப் பெயரில் நடப்புக் கணக்கு திறக்க வேண்டும். அதற்குத் தொழில் நடப்பதற்கான ஆவணம் கேட்பார்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுச் சான்றிதழ் அதில் ஒன்று. அரசு தளத்தில் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. தேடினால் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் அதற்குப் பணம் வாங்குகின்றன, ஆதார் எண்ணையும் வாங்கிக்கொள்கின்றன. முகவரிப் பட்டையில் தளத்தின் பெயர் அரசு டொமைனில் (gov.in) முடிகிறதா என்று பார்த்த பிறகே எதையும் நிரப்புங்கள்.

நடப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு அதிகம் என்று தயங்குகிறவர்கள், வேறு ஒரு பேங்கில் தனிச் சேமிப்புக் கணக்கையாவது தொடக்க காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கணக்கில் மட்டும் வாங்காதீர்கள். காரணம் இது: எங்கோ ஒருவரை ஏமாற்றி எடுத்த பணத்தில் ஒருவன் உங்களிடம் ஐந்து கிலோ பொடி வாங்குகிறான். ஏமாந்தவர் புகார் கொடுக்கிறார். பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு வந்து போலீஸ் உங்கள் கணக்கிலும் தடை போடச் சொல்லும். சில நேரம் அந்தத் தொகையை மட்டும், சில நேரம் கணக்கு முழுவதையும் பேங்க் முடக்கும். அதே கணக்கில்தான் சம்பளமும் வீட்டுக் கடன் தவணையும் என்றால் அந்த மாதம் எப்படி ஓடும்? முடக்கம் வந்தால் பேங்கில் எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டியவை மூன்று: புகார் எண், எந்த ஊர் காவல் நிலையம், எவ்வளவு தொகை. அந்தக் காவல் நிலைய அதிகாரிக்கு ஆர்டர் சாட், பில், கூரியர் டாக்கெட் எண் மூன்றையும் அனுப்புங்கள். அதனால்தான் இருநூறு ரூபாய் ஆர்டருக்கும் ஒரு பில் எண் போட்டு வைக்கச் சொல்கிறோம்.

ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கு அனுப்பாதீர்கள். பணம் கட்டியதாகக் காட்டும் போலிச் செயலிகள் டிக் சத்தம் உட்பட அப்படியே காட்டும். யுபிஐ பரிவர்த்தனைக்கு 12 இலக்கக் குறிப்பெண் உண்டு. அது உங்கள் பேங்க் செயலியின் ஸ்டேட்மெண்டில் இருந்தால் பணம் வந்தது, இல்லையென்றால் வரவில்லை. "ராணுவ முகாமுக்கு நாற்பது பாக்கெட் வேணும்" என்று இந்தி கலந்த ஆங்கிலத்தில் பேசி, அடையாள அட்டைப் படமும் அனுப்பி, "எங்க சிஸ்டம்ல இப்படித்தான், நீங்க இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணினா பணம் வரும்" என்பவர்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் கேட்டாலே பணம் போகப் போகிறது என்று பொருள்.

முகவரியை எவ்வளவு மறைக்கலாம்

இங்கேதான் தனியுரிமைக்கும் சட்டத்துக்கும் முட்டிக்கொள்ளும். வீட்டுச் சமையலறையில் செய்தாலும் உணவு விற்க எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். 14 இலக்க எண் கிடைக்கும். அந்த எண்ணோடு, பொருள்களின் பட்டியல், நிகர எடை, எம்ஆர்பி, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி, சைவக் குறி, வாடிக்கையாளர் தொடர்பு விவரம், தயாரிப்பவரின் பெயர், முழு முகவரி எல்லாம் பாக்கெட்டில் இருக்க வேண்டும். வீட்டில் செய்தால் வீட்டு முகவரிதான் அச்சாகும். பொய் முகவரி போடுவதோ, 'மதுரை' என்று மட்டும் போட்டு நழுவுவதோ குற்றம். வீட்டு முகவரி வெளியே போகக் கூடாது என்று உறுதியாக நினைப்பவர் தெருமுனையில் சிறிய அறை வாடகைக்கு எடுத்து அங்கே பதிவு செய்யலாம். அல்லது உரிமம் உள்ள இடத்தில் செய்து வாங்கலாம். இரண்டுமே செலவு. தனியாக வசிக்கும் பெண்கள் அந்தச் செலவைச் செய்வது தவறில்லை என்பது எங்கள் எண்ணம்.

ஜிஎஸ்டி எடுத்தாலும் இதே கதை. எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் ஜிஎஸ்டி தளத்தில் தேடித் தொழில் முகவரியைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. ஆன்லைன் சந்தைகளில் விற்பவர்களுக்கும், மாநிலத்துக்குள் மட்டும் விற்றால், 2023 அக்டோபர் முதல் ஒரு பதிவெண் வாங்கிக்கொண்டு விற்க வழி இருக்கிறது. வெளிமாநிலத்துக்கு விற்பதாக இருந்தால் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

சட்டம் கேட்காத இடத்தில் முகவரி கொடுக்கத் தேவையில்லை. கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கும்போது, வாடிக்கையாளர் நேரில் வருவதில்லை என்று தேர்ந்தெடுத்தால் முகவரியை மறைத்து, டெலிவரி செய்யும் ஊர்களை மட்டும் காட்டலாம். வாட்ஸ்அப் பிசினஸ் புரொஃபைலில் முகவரிக் கட்டத்தை ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள். ஏஜென்ட் யாராவது கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) கேட்டால் முதல் 8 இலக்கங்கள் மறைந்த மாஸ்க்டு ஆதாரைக் கொடுத்து, நகலின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதி என்று எழுதிவிடுங்கள்.

முகவரி கசிவது பெரும்பாலும் படத்தில்தான். பார்சல் கட்டும் ரீலில் மேஜை மேல் கிடக்கும் கூரியர் சீட்டு: அதில் நேற்றைய வாடிக்கையாளரின் பெயர், கதவு எண், மொபைல் நம்பர் மூன்றும் படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கும். பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் பிள்ளையின் ஸ்கூல் பை, ஜன்னல் வழியாகத் தெரியும் எதிர்க்கடை போர்டு, கேஸ் சிலிண்டர் புத்தகம். இரண்டு முழம் வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் மட்டும் படம் எடுத்தால் இதில் பாதி தீர்ந்தது. கேமரா அமைப்பில் இருப்பிடக் குறியையும் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தக் குறி நீங்கிவிடும். தெளிவாக இருக்கட்டும் என்று டாக்குமெண்டாக அனுப்பினால் படம் எடுத்த இடமும் கூடவே போகும்.

ஆர்டர் பட்டியலை கூகுள் ஷீட்டில் வைக்கிறவர்கள் 'இணைப்பு உள்ள எவரும்' என்ற பகிர்வை மூடிவிட்டு, உதவிக்கு இருப்பவரின் ஜிமெயிலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அடுத்தவர் முகவரியை அசட்டையாக வைத்திருக்கும் காலம் முடிந்துகொண்டு வருகிறது.

மோசடியில் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். ஸ்டேஷனுக்குப் போய் வரலாம் என்று மறுநாள் வரை காத்திருந்தால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும். குறிப்பெண், நேரம், அனுப்பிய கணக்கு மூன்றும் கையில் இருந்தால் அழைப்பு சீக்கிரம் முடியும்.

தொழிலை நிறுத்துகிற நாளும் வரலாம். அப்போது சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கைச் செயலிக்குள்ளிருந்தே நீக்குங்கள். செயலியை மட்டும் அழித்தால் கணக்கு அப்படியே இருக்கும். இன்ஸ்டா, ஜிமெயில், கூரியர் கணக்குகள், எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு ஒவ்வொன்றிலும் அந்த நம்பரை எடுத்துவிட்டு அல்லது மாற்றிவிட்டு, மேலும் இரண்டு மூன்று மாதம் ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள். மறந்துபோன ஏதாவது ஒரு அக்கவுண்டின் ஓடிபி அந்த நாட்களில் வந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதையும் மாற்றிய பிறகு சிம்மை விடலாம்.